கணுக்காலுக்குள் மறைந்த காயம்: பாகான் செராய்த் தோட்ட மருத்துவமும் காந்த ஒத்ததிர்வுப் படமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பினாங்கு எல்லையை ஒட்டிய கிரியான் மாவட்டத்தில் அமைந்துள்ள பாகான் செராய், இன்று நெல்வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த ஒரு சிறுநகரமாகத் தோன்றினாலும், அதன் சுற்றுவட்டாரத்தின் வரலாறு கரும்பு, ரப்பர், தென்னை ஆகிய பயிர்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது. அவ்வுழைப்பு உடலின் எந்த உறுப்பைக் காட்டிலும் காலையே நம்பியிருந்தது. எனினும் தோட்ட மருத்துவத்தின் ஏடுகளில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் பெற்ற இடத்தைக் கணுக்காலின் தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் வலிய வெண்ணிறக் கயிறுகள், ஒருபோதும் பெற்றதில்லை. அவை கிழிந்தால் வெளியே குருதி சிந்துவதில்லை. எக்ஸ்ரே படத்திலும் அக்கிழிசல் தெரிவதில்லை. காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு என்னும் எம்.ஆர்.ஐ. வந்த பிறகே அதைத் தோலைத் திறக்காமல் தெளிவாகக் காண முடிந்தது. ஆனால் ஒரு காயம் கண்ணுக்குத் தெரிவதற்குக் கருவி எவ்வளவு தேவையோ, அதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்ற காரணமும் அவ்வளவு தேவை என்பதையே இவ்வட்டாரத்தின் மருத்துவ வரலாறு காட்டுகிறது.

கரும்பும் ரப்பரும்

19ஆம் நூற்றாண்டில் வெல்லஸ்லி மாநிலம் என அழைக்கப்பட்ட இன்றைய செபராங் பிறையில் வேரூன்றிய கரும்புச் சாகுபடி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் ஆற்றைக் கடந்து தெற்கே பரவியது. முதலில் சீன முதலாளிகளும் அவர்களைத் தொடர்ந்து ஐரோப்பிய நிறுவனங்களும் கடலோரச் சேற்றுநிலத்தை வாய்க்கால் வெட்டி வடித்துக் கரும்பு நட்டனர். பாகான் செராய்க்குத் தென்மேற்கே கடற்கரையை ஒட்டிய குலா அவ்வாறு உருவான பெருந்தோட்டங்களுள் ஒன்று. ஐரோப்பியர் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களுள் பெரும்பகுதியினர், சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்களும் தெலுங்கர்களும் ஆவர். கப்பற்செலவும் முன்பணமும் கடனாக அவர்கள் தலையில் ஏற்றப்பட்டன. வேலைக்கு வராத நாள்கள் ஒப்பந்தக் காலத்தோடு சேர்க்கப்பட்டு அக்காலம் நீண்டது. கால் வீங்கிப் படுத்தவருக்கு அந்த நாளின் கூலி போயிற்று என்பதோடு, விடுதலை பெறும் நாளும் தள்ளிப்போயிற்று.

1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இம்மாவட்டத்தை மலாயாவின் முதன்மையான நெல்விளை நிலங்களுள் ஒன்றாக்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் ரப்பரின் விலையேற்றம் கரும்பை மங்கச் செய்ய, 1910களில் பழைய கரும்புத் தோட்டங்கள் ரப்பருக்கும் தென்னைக்கும் மாறின. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டதும் ஆள்சேர்ப்பு பெரும்பாலும் கங்காணிகளின் கைக்குச் சென்றது. உதவித்தொகை பெற்றுக் கப்பலேறும் அக்குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை அதுவே நீடித்தது.

பயிர் மாறியபோது காலுக்கு நேர்ந்த சுமையும் வேறு வடிவம் கொண்டது. கரும்புக் காட்டில் கனத்த வெட்டுக்கத்தி கணுக்காலுக்கு அருகிலேயே வீசப்பட்டது. வெட்டிய கட்டுகளை வழுக்கும் களிமண் வரப்பில் சுமந்து வாய்க்காற் படகுகளில் ஏற்ற வேண்டியிருந்தது. பால்மரம் எனப்பட்ட ரப்பர்க் காட்டிலோ, விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் புறப்பட்ட வெட்டுக்காரர், பனியில் நனைந்த புல்லின்மேல் நடந்து நானூறு ஐந்நூறு மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் குனிந்தும் குந்தியும் பட்டை சீவி, பின்னர் அதே நிரையை மறுபடி சுற்றிப் பாலெடுத்து, தோள்மரத்தின் இருபுறமும் வாளிகளைத் தொங்கவிடும் காண்டாவில் அதைச் சுமந்து, வடிகால்களின் குறுக்கே போடப்பட்ட பலகைகளைக் கடந்து பாற்கொட்டகை சேர்ந்தார். சுமையோடு நடப்பவரின் பாதம் திடீரென உட்புறம் மடங்கும்போது வெளிக்கணுவின் பின்னே செல்லும் நாண்களும், மீண்டும் மீண்டும் குந்தி எழும்போது குதிநாணும், நாள்முழுதும் நடக்கும்போது உள்ளங்கால் வளைவைத் தாங்கும் நாணும் பெருஞ்சுமைக்கு ஆட்படுகின்றன என்பதை இன்றைய உடலியக்கவியல் விளக்குகிறது. இத்தகைய உழைப்பில் நாண் தேய்வதும் கிழிவதும் அரிதாக இருந்திருக்கக் காரணமில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி

மலாயாவின் தோட்ட மருத்துவம் மரணக் கணக்கிலிருந்து பிறந்தது. 1870களிலேயே வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் கூலிகள் நடத்தப்பட்ட விதமும் அவர்களது சாவுகளும் அரசாங்க விசாரணைக்கு உள்ளாயின. பின்வந்த குடியேற்றச் சட்டங்களும் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1912, 1923 தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் தோட்ட உரிமையாளர் தம் ஆட்களுக்கு மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என்ற கடமையை வரையறுத்தன. சிறு தோட்டங்கள் பல சேர்ந்து ஒரே மருத்துவமனையை நடத்தும் குழுமருத்துவமனை முறையும் வளர்ந்தது. மருத்துவர் குறித்த நாளில் வந்து செல்பவராக இருந்தார். அன்றாடம் காய்ச்சல் பார்த்தவரும் கொயினா கொடுத்தவரும் புண் கழுவியவரும், டிரெசர் என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளரே. நெடுங்காலம் அனுபவத்தாலும் தோட்டத்தின் நியமனத்தாலும் நடந்துவந்த இப்பணி, 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டது.

அக்கால மருத்துவத்தின் கவனம் எங்கே குவிந்தது என்பதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக்கழகமும், 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் மேற்கொண்ட கொசு ஒழிப்புப் பணியும் மலேரியாவை முதற்பகையாக எதிர்கொண்டன. ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற நோய் அதுவே. காலைப் பொறுத்தவரையும் மருத்துவம் இரண்டை நன்கறிந்திருந்தது: வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளேறிக் குருதிச் சோகையை உண்டாக்கும் கொக்கிப்புழு ஒன்று, சிறு கீறலில் தொடங்கித் தசைவரை அரித்துச் செல்லும் வெப்பமண்டலப் புண் மற்றொன்று. இரண்டுமே கண்ணாலோ நுண்ணோக்கியாலோ காணத்தக்கவை. மருந்துக்கோ கட்டுக்கோ கட்டுப்படுபவை. வேலைக்கு வராத நாள்களின் எண்ணிக்கையில் உடனே எதிரொலிப்பவை.

கிழிந்த நாணுக்கு இம்மூன்று தன்மைகளும் இல்லை. குதிநாண் முற்றாக அறுந்தவர்கூட, ஏனைய தசைகளின் உதவியால் பாதத்தைக் கீழ்நோக்கி ஓரளவு அசைக்க முடியும். வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். நொண்டியபடியேனும் நடக்கவும் இயலும். எனவே அது சுளுக்கு என்ற பெருங்கணக்கில் அடங்கியது. டிரெசர் தைலம் தடவித் துணிக்கட்டு போட்டு இரண்டொரு நாள் ஓய்வு எழுதிக்கொடுத்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் புளியையும் உப்பையும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டார்கள். சுளுக்கு வழிப்பவரை நாடினார்கள். கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு நீங்கும் என்ற ஊர் நம்பிக்கையும் கடல் கடந்து வந்திருந்தது. மலாய்க்காரர்களின் உருட் என்னும் நீவு மருத்துவமும் சீனர்களின் அடிகாய வைத்தியமும் அண்டையிலேயே கிடைத்தன. இம்முறைகள் வலியைத் தணித்தன. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைநார் இலேசாக இழுபட்ட உண்மையான சுளுக்குகள் பெரும்பாலும் தாமாகவே ஆறின. அறுந்த நாணின் இரு முனைகளும் விலகியே கிடந்து, இடைவெளியைத் தளர்ந்த தழும்பு நிரப்ப, உந்து விசையிழந்த கால் மட்டும் எஞ்சியது. அத்தகையவருக்குத் தோட்டம் இலகுவான வேலை கொடுத்திருக்கலாம், அல்லது பெயரை வெட்டியிருக்கலாம். இரண்டில் எதுவாயினும் அது மருத்துவச் செய்தியாகாமல் வேலைக்கணக்கின் செய்தியாகவே முடிந்தது.

எலும்பை மட்டும் காட்டிய கதிர்

1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரான்ட்கென் ஜெர்மனியில் கண்டறிந்த எக்ஸ்ரே, பேராக்கிற்கு வியப்பூட்டும் விரைவில் வந்தது. வெள்ளீயச் சுரங்கங்களால் செழித்திருந்த அன்றைய மாநிலத் தலைநகர் தைப்பிங்கின் மருத்துவமனையில் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அக்கருவி பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் திறக்கப்பட்டதும் அதே தைப்பிங்கிலிருந்துதான். அங்கிருந்து வடக்கே பிறையை நோக்கி நீண்ட பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகான் செராயையும் பாரிட் புந்தாரையும் இணைத்தபோது, எலும்பு முறிந்தவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழி திறந்தது.

ஆயினும் எக்ஸ்ரே, அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு நிழல் வரையும் முறை. சுண்ணச்சத்து நிறைந்த எலும்பு கதிரைத் தடுத்து வெண்மையாகத் தெரிய, தசையும் நாணும் இணைநாரும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடுகின்றன. நாண் தன்னோடு எலும்பின் சிறு துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்தாலன்றி, படம் குறையற்றதாகவே காட்சியளிக்கும். எலும்பு முறியவில்லை என்ற செய்தி, கால் நலமாக உள்ளது என்ற தீர்ப்பாக மாறியதில் எக்ஸ்ரேயின் பங்கு சிறிதன்று. முன்பு கண்ணுக்குத் தெரியாததால் ஐயத்துக்கு இடமளித்த வலி, இப்போது படத்தின் சான்றோடு மறுக்கத்தக்கதாயிற்று.

கருவியின்றிக் காணும் கலையும் இக்காலத்திலேயே முன்னேறியது. குதிநாண் அறுவதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பரே விவரித்திருந்தார். 1957இல் சிம்மண்ட்ஸும் 1962இல் தாம்சனும் வெளியிட்ட எளிய சோதனை, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைக் கையால் அழுத்துவதே. நாண் முழுமையாக இருந்தால் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாது. செலவில்லாத இச்சோதனை எந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடியது. ஆனால் அது குதிநாணுக்கு மட்டுமே பொருந்தும். கணுக்காலைக் கடக்கும் பத்துக்கு மேற்பட்ட ஏனைய நாண்களுக்குள் நிகழும் பகுதிக் கிழிசலை அது அறியாது.

நீர் வரைந்த படம்

காந்த ஒத்ததிர்வுப் படம் எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்துவதில்லை. உடலில் உள்ள நீரையும் கொழுப்பையும் பேச வைக்கிறது. அவ்விரண்டிலும் நிறைந்துள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் ஒழுங்குபட்டு, குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள வானொலி அலையை ஏற்றுப் பின் அதைத் திருப்பி வெளியிடுகின்றன. இந்நிகழ்வைத் திடப்பொருளிலும் திரவத்திலும் 1946இல் தனித்தனியே நிறுவிய ஃபீலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் 1952இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1971இல் ரேமண்ட் டமேடியன் புற்றுநோய்த் திசுவும் இயல்பான திசுவும் இவ்வலையை வெவ்வேறு கால அளவில் திருப்பித் தருகின்றன என்று காட்டினார். 1973இல் பால் லாட்டர்பர், புலத்தின் வலிமையை இடத்துக்கு இடம் மாற்றுவதன் வழி அலை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணித்துப் படம் வரையலாம் என நிறுவினார். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதன் கணிதத்தையும் வேகத்தையும் மேம்படுத்தினார். லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது, தாம் விடுபட்டதை எதிர்த்து டமேடியன் தரப்பு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. இதற்கிடையில், 1980இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மல்லார்டின் குழு நோயறிதலுக்குப் பயன்படும் முழுவுடற் படத்தை எடுத்திருந்தது.

இன்று பரவலாக உள்ள கருவிகளின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா, இது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. திரவ ஹீலியத்தில் மூழ்கிக் தனிச்சுழி வெப்பநிலைக்கு நெருக்கமாகக் குளிர்ந்த மீகடத்திச் சுருள்களே இதை உண்டாக்குகின்றன. விலையும் பராமரிப்பும் மிகுந்த இக்கருவி, 1990களில் மலேசியப் பெருநகரங்களின் மருத்துவமனைகளில் பரவத் தொடங்கியபோது, கிரியானின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் போயிருந்தன. லயங்களில் வளர்ந்த தலைமுறை நகர்ப்புறத் தொழிற்சாலைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

கணுக்காலைப் பொறுத்தவரை, இப்படத்தின் பயன் ஒரு முரண்பட்ட பண்பில் அடங்கியுள்ளது. நாண் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் நெருக்கமாக நெய்யப்பட்டது; அதிலுள்ள சிறிதளவு நீரும் அவ்விழைகளோடு இறுகப் பிணைந்திருப்பதால் அதன் அலை அளக்குமுன்னரே மறைந்துவிடுகிறது. ஆகவே நலமான நாண் பொதுவாக எல்லாவகைப் படங்களிலும் கறுப்பாகத் தெரியும். கிழிந்த இடத்தில் நீர் கசிந்து தேங்கும்போது அக்கறுப்பினுள் வெண்கீற்று தோன்றும். சுற்றியுள்ள கொழுப்பும் வெண்மையாகத் தெரிவதால் இரண்டையும் பிரித்தறியக் கொழுப்பின் அலையை அடக்கும் முறை தேவைப்பட்டது. லண்டனில் கிரேம் பைடரும் சக ஆய்வாளர்களும் 1980களின் நடுவில் அளித்த அத்தகைய முறை, மூட்டுப் படங்களில் நீர்க்கசிவை எடுத்துக்காட்டும் வழக்கமாக நிலைத்தது. 1988இல் நியூயார்க்கில் ஸெஹாவா ரோசன்பர்க்கும் சக ஆய்வாளர்களும், உட்கணுவின் பின்னே செல்லும் நாணின் கிழிசலைச் சி.டி. படத்திலும் எம்.ஆர்.ஐ. படத்திலும் கண்டு, அறுவையில் கண்டதோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் தொடக்ககால அடித்தளங்களுள் ஒன்றாகும்.

மூன்று நாண்களின் காட்சி

கணுக்காலின் குறுக்குவெட்டுப் படத்தில் நாண்களின் அமைப்பைப் படிப்பவர் மூன்று இடங்களைக் குறிப்பாக நோக்குவர். முதலாவது, பின்புறமுள்ள குதிநாண். முற்றாக அறுந்திருந்தால் இடைவெளியின் நீளத்தையும் முனைகளின் தேய்வையும் படம் அளந்து காட்டும். இவ்வறுபடல் பெரும்பாலும் குதியெலும்பில் நாண் இணையும் இடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, குருதியோட்டம் குறைந்த பகுதியில் நிகழ்கிறது. இரண்டாவது, வெளிக்கணுவின் பின்னே ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் இரு நாண்கள். அவற்றுள் குட்டையானது எலும்புக்கும் நெட்டையான நாணுக்கும் இடையில் நசுங்கி நீளவாக்கில் பிளவுபடும்போது, படத்தில் அது வளைதடி போலத் தோற்றமளிக்கும். ஆறாத சுளுக்கு என்று மாதக்கணக்கில் கருதப்படும் வலிக்குப் பின்னே இப்பிளவு மறைந்திருப்பது அரிதன்று. மூன்றாவது, உள்ளங்கால் வளைவைத் தாங்கும் பின்கணைக்கால் நாண். இது பக்கத்து விரல்மடக்கு நாணைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தடிமன் உடையது. கிழிசலின் தொடக்கத்தில் தடித்தும், பின்னர் மெலிந்தும், முடிவில் அறுந்தும் காணப்படும் இந்நாண் செயலிழந்தால், நடுவயதில் பாதம் தட்டையாகிச் சரிகிறது.

பின்கணைக்கால் நாணின் சீர்குலைவு, நடுவயதுப் பெண்களிடமும் நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய உடல்நல ஆய்வின்படி, வயதுவந்தோரில் நீரிழிவு உள்ளவர் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நாட்பட்ட உயர் சர்க்கரை கொலாஜன் இழைகளை விறைக்கச் செய்து நாணின் மீளும் திறனைக் குறைக்கிறது. ஆகவே தோட்டத்தை விட்டு வெளியேறிய சமூகத்தின் கால்களில் இக்காயம் உழைப்பின் பெயரை விட்டு நோயின் பெயரில் தொடர்கிறது.

படம் பிழையற்ற சாட்சியன்று. கொலாஜன் இழை காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகைக் கோணத்தில் சாய்ந்திருந்தால், நலமான நாணும் சில வகைப் படங்களில் வெண்மையாகத் தோன்றும். கணுவைச் சுற்றி வளைந்து செல்லும் நாண்கள் எங்கேனும் ஓரிடத்தில் இக்கோணத்தைத் தொட்டே தீரும். ஆதலால் பாதத்தின் நிலையை மாற்றியும், வேறுவகைப் படத்தோடு ஒப்பிட்டும் பார்த்த பின்னரே கிழிசல் என முடிவு செய்யவேண்டும். வலியே இல்லாதவர் படத்திலும் சிறு பிளவுகள் காணப்படுவது உண்டு. குதிநாணின் முழு அறுபடலைக் கையால் தெளிவாக அறிய முடிந்த இடத்தில் இப்படம் தேவைப்படுவதும் இல்லை. நாண் அசையும்போதே அதைக் காட்டும் மிகையொலிப் படம் மலிவானது, எளிதில் கிடைப்பது. படம் எடுப்பதற்குமுன் கால் பரிசோதிக்கப்பட வேண்டும் என்ற பழைய ஒழுங்கைப் புதிய கருவி நீக்கவில்லை.

சட்டமும் சான்றும்

காயம் தெரிவது, அதற்கு ஈடு பெறுவதோடு நெருங்கிய உறவுடையது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கை, கால், விரல், கண் ஆகியவற்றின் இழப்புக்கு இத்தனை விழுக்காடு என்று வரிசைப்படுத்தியது. வெளியே எண்ணத்தக்க இழப்பே அங்கு முதன்மை பெற்றது. உறுப்பு இருந்தும் அதன் ஆற்றல் குறைந்தவர், மருத்துவரின் மதிப்பீட்டையே நம்பியிருந்தார். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1971 முதல் இயங்கும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், வேலையிடக் காயத்துக்கான தற்காலிக, நிரந்தர உதவிகளை மருத்துவ வாரியத்தின் மதிப்பீட்டின்படி வழங்குகிறது. அத்தகைய மதிப்பீட்டில், நாணின் கிழிசலைக் காட்டும் படம் தொழிலாளரின் வலியைச் சொல்லாக விடாமல் ஆவணமாக்குகிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோவின் வேலையிடக் காயப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டனர். இன்று செம்பனைக் குலை வெட்டிச் சுமப்பவர்களுள் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஒரு காலத்தில் தமிழர் நின்ற அதே வடிகால் ஓரங்களில் இன்று நிற்பவர்களுக்கு இச்சட்டம் எட்டியிருப்பது, பாகான் செராயின் தொழில் வரலாற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம்.

ஆயினும் இம்மாற்றம் தானாகவே பயன் தருவதில்லை. சிறுநகர மருத்துவ நிலையத்தில் தொடங்கி, மாவட்ட மருத்துவமனை வழியே தைப்பிங்குக்கோ ஈப்போவுக்கோ எலும்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டு, முறை வரக் காத்திருந்து படமெடுக்கும் வரையுள்ள பாதையில், முதல் நிலையத்தில் காலைத் தொட்டுப் பார்ப்பவரின் ஐயமே எல்லாவற்றையும் தொடங்கி வைக்கிறது. அவர் சுளுக்கு என்று எழுதி அனுப்பிவிட்டால், 1.5 டெஸ்லாக் காந்தமும் தோட்டத்து ஏட்டைப் போலவே ஒன்றும் சொல்லாது. இதே காரணத்தால், பழைய தோட்ட மருத்துவ அறிக்கைகளைப் படிக்கும் வரலாற்றாளர் அவற்றில் நாண்முறிவு காணப்படாமையைக் காயமின்மைக்குச் சான்றாகக் கொள்வது தவறாகும். அவ்வறிக்கைகள் தொழிலாளரின் உடலை முழுமையாகக் காட்டவில்லை. அவ்வுடலிலிருந்து தோட்டம் எதை அறிய விரும்பியது என்பதையே காட்டுகின்றன. மலேரியாவின் எண்ணிக்கை அதனால் நம்பத்தக்கதாகவும், முடமான கால்களின் எண்ணிக்கை எழுதப்படாததாகவும் ஒரே ஏட்டில் அமைய முடிந்தது.